ரங்கூன்காரி வேஷம்

கன்னியம்மாவுக்கு எதையும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. காசிமேட்டுக் குப்பத்தில் யார் வீட்டில் எதற்குச் சண்டை, எந்த வலையில் என்ன மீன் பட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மீன் கூடையை இறக்கியதும் முதல் வேலை அதுதான்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில், குப்பத்துக்குப் பின்னாலிருந்த பழைய உப்புக் கிடங்கில் ரங்கூன் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். பர்மாவில் கலகமாம். கண்ணில் பட்ட இந்தியக்காரனையெல்லாம் வெட்டினார்களாம். உடுத்திய துணியோடு கப்பலேறித் துறைமுகத்தில் இறங்கியவர்கள், போக்கிடமில்லாமல் இந்தக் கிடங்கில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். முதல் சில நாள் குப்பத்துப் பெண்கள்தான் கஞ்சியும் கருவாடும் கொடுத்தார்கள். தங்களுக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றையும் விட்டுக்கொடுத்தார்கள்.

பிறகு பட்டணத்திலிருந்து நிவாரணக் கமிட்டி வந்தது. கிடங்கைச் சுற்றித் தட்டி அடைத்தார்கள். உள்ளே அரிசி, துணி, குழந்தைகளுக்குப் பால். குப்பத்துப் பிள்ளைகள் தட்டிச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பாலைப் பார்த்தபடி நின்றன. கிணறோ அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

"வந்ததுங்களுக்குப் பாலு, நம்ப புள்ளைங்களுக்குச் சேத்துத் தண்ணியா?" என்று பெண்கள் குடத்தைத் தரையில் மோதினார்கள்.

கன்னியம்மாவுக்கும் கோபம்தான். ஆனால் அதைவிட, கிணற்றடிக்கு வந்த ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தில் வட்டமாக அப்பியிருந்தது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"இன்னாமே இது, புள்ள மூஞ்சில சுண்ணாம்பு அடிச்சி வச்சிகீறே?"

"சுண்ணாம்பு இல்லக்கா. தனக்கா. ஒரு மரத்தோட பட்டை. கல்லுல உரைச்சுப் பூசுவோம், வெயிலுக்குக் குளுமை." அவள் பெயர் தங்கபுஷ்பம். ரங்கூனிலேயே பிறந்தவள். "ஓடி வர்றப்ப ஒரு கையில பிள்ளை, இன்னொரு கையில கிடைச்சது இந்தக் கட்டைதான்."

"பான சட்டிய வுட்டுட்டுக் கட்டையத் தூக்கினு வந்தியா!"

தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவள் வாயிலாகத்தான் கன்னியம்மாவுக்கு அந்தச் சேதி கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் கிடங்குக்கு ஒரு நர்ஸம்மா வருகிறாளாம். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் ஒரு மரக்குழலை வைத்து, உள்ளே இருக்கும் குழந்தையின் நெஞ்சு அடிப்பதைக் கேட்கிறாளாம்.

"வவுத்துக்குள்ள கீறது வெளிய கேக்குமா?"

"நானே பார்த்தேன்கா."

கன்னியம்மாவின் தங்கை அம்மு அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்தில் பிள்ளை அழவே இல்லை. அதிலிருந்து வயிற்றில் கொஞ்ச நேரம் அசைவில்லையென்றாலும் அம்மு அக்காவிடம் ஓடி வருவாள். கன்னியம்மா அவளைக் கிடங்கு வாசலுக்கு அழைத்துப் போனாள். கமிட்டி ஆள் ஜெயவேல் மறித்தார்.

"ரங்கூன்லேருந்து வந்தவங்களுக்கு மட்டும்தாம்மா. அவங்க பேரைச் சொல்லி வசூல் பண்ண பணம். நான் என்ன செய்யட்டும்?"

கெஞ்சியும் அவர் அசையவில்லை. தங்கபுஷ்பத்தின் காதுக்கு இது போனதும் அவள் நேரே அம்மு வீட்டுக்கு வந்தாள். தன் பூப்போட்ட லுங்கியை அம்முவுக்குக் கட்டிவிட்டாள். கன்னத்தில் தனக்காவைப் பூசினாள்.

"ரங்கூன்ல எந்தத் தெருன்னு கேட்டா மொகல் தெருன்னு சொல்லு. வேற பேசாத."

அடுத்த வெள்ளிக்கிழமை மூவரும் உள்ளே போனார்கள். ஜெயவேல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட நர்ஸம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தெருவில இருந்தீங்க?"

"மொகல் தெரு."

"கப்பல்ல ரொம்ப வாந்தி எடுத்தியா?"

"அய்யே, எங்க ஜனத்துக்குக் கடல்ல வாந்தி வருமா?" என்றாள் அம்மு, ரோஷத்தோடு.

தங்கபுஷ்பம் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நர்ஸம்மா மெல்லத் திரும்பினாள்.

"நீ குப்பத்துப் பொண்ணுதானே? எதுக்குப் பொய்?"

கன்னியம்மா முன்னால் வந்தாள். "நெசத்தச் சொல்லிகினு வந்தோம்மா. வாசல்லயே நிக்க வச்சிட்டாங்கோ."

நர்ஸம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். அம்முவைப் பாயில் படுக்க வைத்தாள். குழலின் அகன்ற வாயை வயிற்றில் அழுத்தி, மறு நுனியில் காதை வைத்தாள். இடம் மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள். அம்மு மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். குழலை நகர்த்திக்கொண்டிருந்த நர்ஸம்மாவின் கை சட்டென்று ஓரிடத்தில் நின்றது.

கன்னியம்மாவின் கழுத்து தானாக நீண்டுவிட்டது. அதைப் பார்த்த நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "வா, நீயே கேளு."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, எங்கோ தூரத்தில் ஒருத்தி உரலில் அவசர அவசரமாகக் குத்துவது போல ஒரு சத்தம்.

"யாரும்மா குத்தறது?"

"உன் தங்கச்சி பிள்ளைதான்."

அம்மு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டு ஜெயவேல் திரைக்கு வெளியே வந்து நின்றார். விஷயம் புரிந்ததும் அவர் குரல் உயர்ந்தது. நர்ஸம்மா அமைதியாகக் கேட்டாள்:

"இப்ப நான் கை கழுவின தண்ணி யார் கெணத்துத் தண்ணி, சார்?"

ஜெயவேல் குரலைத் தணித்தார். "கமிட்டியில சொல்லிப் பார்க்கிறேன்" என்று போனார்.

சொல்லத்தான் செய்தார். கமிட்டியில் ஒப்பாதவர்களும் இருந்தார்கள். இழுபறிக்குப் பிறகு ஆடிக் கடைசியில் வழி பிறந்தது. நர்ஸம்மா குப்பத்துப் பெண்களையும் பார்க்கலாம், பால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் உண்டு, கமிட்டி செலவில் இன்னொரு கிணறு. ரங்கூன் ஆண்களும் குப்பத்து ஆண்களும் சேர்ந்து அதைத் தோண்டினார்கள். தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. ஆனாலும் துவைக்க, குளிக்க ஆயிற்று, கிணற்றடிச் சண்டையும் குறைந்தது.

ஆவணியில் நர்ஸம்மா அம்முவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை கால் கீழாக இருக்கிறது, வீட்டில் பார்க்கக் கூடாது என்றாள். வலி கண்டதும் ஜட்காவில் ஏற்றி ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கன்னியம்மாவை உள்ளே விடவில்லை. வராந்தாவில் அவளும் தங்கபுஷ்பமும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் திரும்பும் நேரத்தில் உள்ளிருந்து வீல் என்று ஒரு குரல் வந்தது.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதது.