கேட்காமல் வந்த அறுவடை

என் கணவர் வெர்லினுக்கு மாரடைப்பு வந்தபோது நான் அழுதேன். பொய் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என் கையைப் பிடித்து, "இந்த வருஷம் சோளத்த அறுக்க முடியலன்னா விவசாயம் இதோட போதும் ஆர்டித். நிலத்த வித்துட்டு ஒமாஹாவுக்கே போயிடலாம், பொண்ணு பக்கத்துல" என்றதும் கண்ணீர் சட்டென்று நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டது அதைத்தான்.

எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. வெர்லின் பக்கத்துப் பண்ணையில் ஒரு ஸ்பேனர்கூட இரவல் கேட்காத மனிதர். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் எல்லா ஆண்களும் அப்படித்தான். கேட்காதவருக்கு யார் வந்து அறுத்துத் தரப்போகிறார்கள்? மனசுக்குள் ஒமாஹா நகரத்து வீட்டுக்குத் திரைச்சீலைகூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறந்துபோனேன். உதவி கேட்பதுதான் எங்களுக்கு அவமானம். கேட்காதவன் வீட்டுக்குப் போய்ச் செய்வதென்றால் எங்களைப் பிடிக்கவே முடியாது.

சனிக்கிழமை காலையில் சரளைச் சாலை முழுக்கப் புழுதி. வரிசையாக அறுவடை இயந்திரங்கள், பின்னால் லாரிகள். முதல் இயந்திரத்திலிருந்து லவெல் இறங்கினார். இந்தக் கூட்டத்தைத் திரட்டியவர் அவர்தான்.

"கவலையே படாதீங்க ஆர்டித். சாயங்காலத்துக்குள்ள ஒரு கதிர் நிக்காது!"

"உங்க வயல்ல இன்னும் பாதி நிக்குதே, லவெல்?"

"நிக்கட்டுமே. சோளம் எங்க ஓடிப்போகப் போகுது?"

"எங்களுதும் ஓடாதே."

"பாருங்கய்யா, இந்த நிலைமையிலயும் ஜோக்கடிக்கிறாங்க!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

வெர்லின் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் யாரையும் கூப்பிடல" என்று முதலில் முறைத்தார். பிறகு, "அந்தப் பய ரொம்ப வேகமா ஓட்டுறான், பாதி மணி மண்ணுல போகுது" என்று முனகினார். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியபோது, வசந்தத்தில் விதைக்கவும் தாங்களே வருவதாக லவெல் அறிவித்தார். வெர்லின் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இப்பேர்ப்பட்ட ஜனங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

சமையலறைக்குள் போய், வந்தவர்களுக்காகச் சுட்டிருந்த ஆப்பிள் பை பலகாரத்தைக் கண்டபடி வெட்டினேன். அடுத்த பண்ணை நடீன் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் கணவருக்கு இடுப்பு முறிந்தபோது, இதே கூட்டம்தான் அங்கேயும் போய் அறுத்தது. அன்றைக்கு நான் மூன்று பை சுட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

"எங்க போகணும்னு இருந்த?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒமாஹா."

"நான் அரிசோனா. தட்டுமுட்டெல்லாம் பெட்டியில கட்டி வச்சிருந்தேன்டி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப இன்னைக்கு எதுக்குடி வந்து தொலைச்ச?"

"வராம இருக்க முடியுமா? இவ என்ன பொம்பளன்னு ஊரு கேக்காது?"

வெளியிலிருந்து யாரோ இன்னும் பை இருக்கிறதா என்று குரல் கொடுத்தார்கள். "அந்தத் தட்ட எடு" என்றேன் நடீனிடம். அடுத்த இலையுதிர் காலத்தில் எந்த வீட்டில் யார் படுத்தாலும், அவன் மனைவி எங்கே போக நினைத்திருந்தாலும், நான் பை சுட்டு எடுத்துக்கொண்டு போய் நிற்பேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.