ஆல்ப்ஸுக்கு வடக்கே மூன்று ஊர்கள்

சுபஸ்ரீக்குத் தேவை நாற்பத்தெட்டு வளைவுகள். அவள் கணவன் சிவராஜுக்குத் தேவை மூன்று ஊர்கள். இரண்டும் ஒரே வரைபடத்தில் அடங்க மறுத்தன.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த டிராவல்ஸ் ஆபீஸ். அதை நடத்தும் விஜயராணி, கம்ப்யூட்டர் திரையை இருவர் பக்கமும் திருப்பி வைத்திருந்தாள். திரையில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். ஜூன் பத்தாம் தேதி ஜூரிச்சில் எடுத்து, பன்னிரண்டு நாள் கழித்து அங்கேயே விட வேண்டும்.

"வால்பாறைக்கே நாப்பது ஹேர்பின் வளைவுதானுங்க," என்றாள் சுபஸ்ரீ. "இந்த ஸ்டெல்வியோ மலைப்பாதைல ஒரு பக்கம் மட்டும் நாப்பத்தெட்டு. யூடியூப்ல எத்தன தடவ பாத்துட்டேன்! கூரையத் திறந்து விட்டுட்டு, அப்படியே பனிக்கு நடுவுல போறாங்க."

"போலாம், போலாம்," என்றான் சிவராஜ். "கடைசி நாள் வச்சுக்கலாம்."

"கடைசி நாளா? ஏனுங்க, மலை தெக்க இருக்குது. வண்டி எதுக்குங்க வடக்க போகுது?"

அவன் கொடுத்த தாளைப் பார்த்து விஜயராணி போட்டிருந்த நீலக் கோடு, ஜூரிச்சில் புறப்பட்டு நேராக மேலே ஏறியது. ஜெர்மனியில் பீலஃபெல்ட். நெதர்லாந்தில் டில்பர்க். பிரான்சில் ரூபே. பிறகு ஒரு பெரிய வட்டம் அடித்து ஜூரிச். ஆல்ப்ஸ் மலைத் தொடர் முழுவதும் கோட்டுக்குக் கீழே, யாரும் தொடாமல் கிடந்தது.

"ஜெர்மனி ஹைவேல பல இடத்துல ஸ்பீடு லிமிட்டே கிடையாது சுபா. ஸ்போர்ட்ஸ் கார எடுத்துட்டு மலைல முப்பதுல உருட்டறதா?"

"பீலஃபெல்ட்ல என்னுங்க இருக்குது?"

"பழைய கோட்டை."

விஜயராணி தட்டிப் பார்த்தாள். அவள் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. திருப்பூருக்கு வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. "சார் சொல்லுதது நெசந்தாம்க்கா. ஒரு கோட்ட இருக்கு. ஆனா ரெண்டு நாள் பாக்கணும்னா ஒவ்வொரு கல்லா எண்ணித்தான் பாக்கணும்."

"டில்பர்க்?"

"டெக்ஸ்டைல் மியூசியம்," என்றான் சிவராஜ்.

சுபஸ்ரீ அவனை விட்டுவிட்டு விஜயராணியிடம் திரும்பினாள். "பதினஞ்சு வருசமா பனியன் கம்பெனிலயே கெடக்கறாரு. லீவு போட்டுட்டு அங்க போயி தறியப் பாக்கறாராமா!"

சிவராஜ் சிரித்து வைத்தான். உண்மையைச் சொல்ல முடியாதே.

உண்மை இதுதான். அவன் ஆயம்மாள் நிட்ஸில் சீனியர் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பேசுவது, மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது எல்லாம் அவன் பொறுப்பு. அந்தக் கம்பெனியின் மூன்று பெரிய பையர்களின் ஆபீஸ்கள் இருந்த ஊர்கள் பீலஃபெல்ட், டில்பர்க், ரூபே. அவினாசிபாளையத்தில் ஒரு ஷெட்டை ரகசியமாக வாடகைக்குப் பிடித்து இருபது தையல் மெஷின்களை இறக்கிவிட்டான். மூன்று பையர்களில் இரண்டு பேர் கையில் வந்தாலும் ஆகஸ்டில் அவன் முதலாளி. யாரும் வராவிட்டால் மெஷினும் போச்சு. முன்கூட்டித் தெரிந்துவிட்டால் வேலையும் போச்சு.

நேரில் பார்க்காமல் யாரும் புது யூனிட்டுக்கு ஆர்டர் தர மாட்டார்கள். நேரில் போக ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை அவன் முதலாளி ஆறுச்சாமியே தட்டில் வைத்துக் கொடுத்தார். பதினைந்து வருடம் உழைத்ததற்குப் பரிசாக, "நீங்களும் சுபஸ்ரீயும் எங்கியாவது போயிட்டு வாங்க, கம்பெனி செலவு" என்றார். ஸ்போர்ட்ஸ் கார் சுபஸ்ரீயின் ஆசை. சிவராஜ் உடனே பிடித்துக்கொண்டான். குரூப் டூர் என்றால் கொடி பிடித்தவன் பின்னால் போக வேண்டும். கார் என்றால் எங்கே திரும்பினாலும் கேட்க ஆள் இல்லை.

கடைசியில் மலைக்கு ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. சுபஸ்ரீ கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், விசா ஃபைலுக்கு கம்பெனி லீவு லெட்டர் வேணும்," என்றாள் விஜயராணி. "தேதியெல்லாம் டூர் பிளானோட ஒத்துப் போகணும். ரெண்டையும் சேத்துப் பின் பண்ணிருக்கேன். திங்கக்கிழம கையெழுத்து வாங்கிருங்க."

திங்கட்கிழமை காலை, பதினொன்றேகால்.

ஆறுச்சாமியின் அறையில் ஏசியும் மின்விசிறியும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அவருக்கு அறுபத்தொரு வயது. வெள்ளை அரைக்கைச் சட்டை. சட்டைப்பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. பக்கத்து மேஜையில் டாக்குமெண்டேஷன் பார்க்கும் சித்ரகலா லெட்டரை அடித்து முடித்திருந்தாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். சிவராஜ் தாளை எடுக்கக் கை நீட்டினான். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

"ரூட்டுங்களா? பாக்கலாமே."

"சும்மா ஹைவே டிரைவ்தாங்ணா."

ஆறுச்சாமிக்கு இங்கிலீஷில் மெயில் எழுத வராது. ஊர்ப் பெயரைப் படித்துவிடுவார் என்று சிவராஜ் நினைக்கவில்லை. ஆனால் அவர் தொழிலுக்கு வந்ததே பேக்கிங் செக்‌ஷனில். அட்டைப்பெட்டிகளின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து, மை தொட்டு, போகிற ஊரின் பெயரை அடிக்கிற வேலை. ஏழு வருடம் அடித்திருக்கிறார். சிவராஜுக்கு இந்தக் கதை தெரியாது.

ஆறுச்சாமியின் விரல் நீலக் கோட்டின் மேல் நகர்ந்தது. நின்றது.

"பீலஃபெல்ட். அட! எங்கையால எத்தன ஆயிரம் பொட்டிக்கு அடிச்ச பேரு! மொத மொத எழுத்தத் திருப்பி அடிச்சுப் போட்டு அடி வாங்குனனுங்க. டில்பர்க்... ரூபே..." அவர் தலை நிமிர்ந்தது. "ஏனுங் சிவராஜு, இதெல்லாம் நம்ம பையர் ஊருங்களாச்சே?"

சிவராஜ் தாளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தான்.

"ஆ... ஆமாங்ணா. வழில வருது. அப்படியே..."

"அப்படியே எட்டிப் பாத்துட்டு வரலாம்னா?" ஆறுச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "லீவுலயும் நம்ம கம்பெனி நெனப்புங்களா! சுபஸ்ரீ வையலீங்களா?"

"கொஞ்சம் வஞ்சாங்க."

"வையாம? நம்மூட்டுல இருந்தா சோறே போட மாட்டாங்க." அவர் சித்ரகலா பக்கம் திரும்பினார். "பாத்தியா கண்ணு. மனுசன்னா இப்படி இருக்கோணும்." பிறகு சிவராஜிடம், "சொல்லாமக் கொள்ளாமப் போயி நிக்கக் கூடாதுங்க. நம்ம ஆள் வர்றாருன்னு மூணு பேருக்கும் மெயில் போட்டுப்போடலாம். நல்லாக் கவனிச்சுக்குவாங்க. உக்காருங்க, நீங்களே அடிங்க."

சிவராஜ் சித்ரகலாவின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான்.

பதினைந்து வருடமாக ஆறுச்சாமி சொல்லச் சொல்ல அவன்தான் மெயில் அடித்திருக்கிறான். இந்த மெயிலையும் அவனே அடிக்க வேண்டியதாயிற்று. திரு. சிவராஜ் ஜூன் மாதம் ஐரோப்பாவில் சுற்றுலா வருகிறார், சந்தர்ப்பம் அமைந்தால் சந்திப்பார் என்று இரண்டே வரியில் முடித்தான். ஊர் இல்லை. தேதி இல்லை.

"படி கண்ணு," என்றார் ஆறுச்சாமி.

சித்ரகலா எட்டிப் பார்த்துத் தமிழில் படித்துச் சொன்னாள். கெட்டிக்காரப் பெண். "அண்ணா, தேதியும் ஊரும் உட்டுப்போச்சுங்க. டூர் பிளான்ல இருக்குதுங்களே, பீலஃபெல்ட் பதினாறாந்தேதி." அவளே குனிந்து சேர்த்தாள்.

"அனுப்பிப்போடு."

மணி பதினொன்று நாற்பது. மெயில் போய்விட்டது.

சிவராஜ் மாடிப்படியில் நின்று கணக்குப் போட்டான். ஐரோப்பாவில் இப்போது காலை எட்டு பத்து. ஆபீஸ்கள் ஒன்பது மணிக்குத் திறக்கும். அதாவது நம் நேரம் பன்னிரண்டரை. கையில் ஐம்பது நிமிடம் இருந்தது.

டில்பர்க் பீட்டருக்கும் ரூபே பிலிப்புக்கும் வாட்ஸ்அப் உண்டு. 'கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வரும். தயவுசெய்து பதில் போட வேண்டாம். நான் பேசுகிறேன்.' இருவருக்கும் அனுப்பினான். பிலிப் பார்க்கவில்லை. பீட்டர் உடனே பார்த்தான். உடனே கேட்டான்.

'உங்கள் முதலாளிக்கு இது தெரியாதா?'

சிவராஜ் பதிலை மூன்று முறை அடித்து மூன்று முறை அழித்தான். பீட்டர் ஆன்லைனிலிருந்து போய்விட்டான்.

பிரச்சினை பீலஃபெல்ட். அங்கே ஹன்னா கெய்ஸ்லர். ஐம்பத்தெட்டு வயது. வாட்ஸ்அப் கிடையாது. ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மெயில்களை வந்த வரிசையில் திறந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பாள். அவன் இப்போது மெயில் போட்டாலும் அது கம்பெனி மெயிலுக்குப் பின்னால்தான் நிற்கும். புது யூனிட் பற்றி அவளிடம் சொல்லியிருந்தான். ரகசியம் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மீட்டிங்கே கொடுத்திருக்க மாட்டாள். அவள் அப்படிப்பட்டவள்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அவள் ஆபீஸ் போனுக்கு அடித்தான். பதிவு செய்த ஜெர்மன் குரல் ஏதோ சொல்லிவிட்டு வைத்தது. இருபத்தெட்டுக்கு மறுபடி. அதே குரல்.

முப்பது. மறுபடி டயல் செய்யப் போனான்.

"அண்ணா!" மேலேயிருந்து சித்ரகலா. "லெட்டருக்கு சீல் வெக்கோணுமாமா, வரச் சொல்றாருங்க."

"ரெண்டே நிமிசம் சித்ரா."

"வாங்க சிவராஜு," என்றது ஆறுச்சாமியின் குரல், அவள் பின்னாலிருந்தே. "சாப்பாடு சொல்லியிருக்கேன். இன்னிக்கு நம்ம கூடத்தான்."

தோளில் கை போட்டு அழைத்துப் போகிறவரை உதறிவிட்டு போன் பேச முடியாது. போனான். சித்ரகலா சீலை எடுத்தாள். மை தொட்டாள். லெட்டரின் மேல் வைத்து அழுத்தினாள்.

அவள் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

பன்னிரண்டு முப்பத்தாறு.

"பீலஃபெல்ட்ல இருந்து பதில் வந்துருச்சுங்க!"

"பாத்தீங்களா!" என்றார் ஆறுச்சாமி. "சொன்னனில்ல? படி கண்ணு."

சித்ரகலா உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். "உங்க மெயிலுக்கு நன்றி... திரு. சிவராஜ் பதினாறாந்தேதி காலைல பதினோரு மணிக்கு வர்றதா ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு... அவரோட..."

நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?"

"அவரோட... புது கம்பெனி விசயமா." குரல் இறங்கிவிட்டது. "அந்த அவினாசிபாளையம் யூனிட்டும் உங்க குரூப்தானான்னு கேக்கறாங்க. அப்படின்னா விலை ஏன் எட்டு பர்சன்ட் கம்மியா இருக்குன்னும் கேக்கறாங்க."

ஆறுச்சாமி சத்தம் போடவில்லை. நாற்காலியில் சாய்ந்து, சட்டைப்பையிலிருந்த கத்தரியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நெசங்களா?"

"ஆமாங்ணா," என்றான் சிவராஜ். இனி வேறு என்ன சொல்வது?

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க."

"சொன்னா உட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார் அவர், யோசிக்காமல். "ஆனா நான் போட்ட செலவுல, எங் காசுல எடுத்த கார்ல, எம் பையரப் பாக்கப் போறீங்க பாருங்க... நல்லாத்தான் பிளான் போட்டிருக்கீங்க." மேஜை மேல் கிடந்த லெட்டரை எடுத்தார். சித்ரகலாவிடம் நீட்டினார். "இதுல கடைசி வரி என்ன கண்ணு?"

"லீவு முடிஞ்சு ஜூன் இருபத்தஞ்சாந்தேதி வேலைக்குத் திரும்புவாருன்னு இருக்குதுங்க."

"அதை எடுத்துட்டு வேற அடி."

சித்ரகலா சிவராஜைப் பார்த்தாள். "அந்த வரி இல்லாட்டி விசா குடுக்க மாட்டாங்களேங்க. அங்கியே தங்கிப்போடுவாங்கன்னு..."

"அது அவங்க வேலை கண்ணு. நாங் கையெழுத்துப் போடறதுல பொய் இருக்கப்படாது. இவரு இங்க வேலைக்குத் திரும்ப வரப் போறதில்ல." அவர் சிவராஜ் பக்கம் பார்க்கவில்லை. "சாப்பாடு வந்துருச்சு. சாப்புட்டுட்டுப் போங்க."

சிவராஜ் சாப்பிடவில்லை. புது லெட்டரை வாங்கிக்கொண்டு, கம்பெனி லேப்டாப்பையும் அறைச் சாவியையும் வைத்துவிட்டு இறங்கினான். கேட்டைத் தாண்டுவதற்குள் பிலிப்பின் செய்தி வந்தது. சந்திப்பை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம் என்றான். பீட்டர் எதுவும் அனுப்பவில்லை. அனுப்பப்போவதும் இல்லை.

மாலை ஐந்தரை. ராயபுரம்.

சுபஸ்ரீ அவனுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து, பயணத்தில் இன்னொரு மலைப்பாதையைச் சேர்க்க முடியுமா என்று விஜயராணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவன் லெட்டரைக் கொடுத்தான். விஜயராணி ஒரு முறை படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"ஒரு வரி கொறையுதே சார். மறந்துட்டாவளா?"

"மறக்கல. அவ்வளவுதான் லெட்டர்."

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஷெட், மெஷின், மூன்று பையர், ஹன்னாவின் பதில். ஆறேழு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நான்கு மாத வேலை.

சுபஸ்ரீ அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் கோட்டை?"

"போற ஐடியா இல்ல."

"மியூசியம்?"

"அதுவும் இல்ல."

"எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லீங்க?" என்றாள். "உங்கள ஜூரிச்ல ரயிலேத்தி உட்டுட்டு நாம்பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டு மலைக்குப் போயிருப்பேன். எனக்குந்தான் லைசென்ஸ் இருக்குது. நீங்களும் வடக்க வட்டம் போட்டு மாட்டியிருக்க மாட்டீங்க. பையர் ஊருக்கு ரயில்ல போயிருக்கலாம், பிளான்ல மலை மட்டும் இருந்திருக்கும்."

நான்கு மாதத்தில் இது அவனுக்குத் தோன்றவே இல்லை.

இந்த லெட்டருக்கு விசா கிடைக்காது. விஜயராணி கார் புக்கிங்கைத் திறந்து, கேன்சல் என்ற இடத்தை அழுத்தினாள். உறுதிதானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவள் சிவராஜை ஏறிட்டுப் பார்த்தாள்.

சுபஸ்ரீதான் பதில் சொன்னாள். "ஆமாங்க."