தழும்போடு எழுந்தவர்

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டியவன் தம்பி. காகிதக் கட்டுகளைக் கத்திக்கு அடியில் தள்ளி வைப்பது அக்காவின் வேலை. பதினோரு வருடம் சண்டை போட்டபடியே சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கையை எடுத்துவிட்டாளா என்று பார்க்காமல் அவன் பொத்தானை அழுத்திவிட்டான். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

முதல் இரண்டு மாதம் அவன் முகத்தில் விழிக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. அவனோ அவள் வீட்டுத் துணியெல்லாம் துவைத்தான். அவள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டான். இயந்திரம் வேண்டாமென்று பார்சல் கட்டும் பக்கம் போய்விட்டான். ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்தினான்.

ஒரு ஞாயிறு போதகர் வேதம் வாசித்தார். உயிர்த்தெழுந்த இயேசு, பயந்துபோய்க் கதவைப் பூட்டிக் கிடந்த சீடர்கள் நடுவே வந்து நின்று, "உங்களுக்குச் சமாதானம்" என்று சொல்லித் தம் கைகளைக் காட்டிய பகுதி. எத்தனையோ முறை கேட்டதுதான். அன்றுதான் அவளுக்கு உறைத்தது. சாவையே ஜெயித்து வந்தவர் கையிலும் ஆணித் தழும்பு இருந்திருக்கிறது. அவரை விட்டு ஓடியவர்களிடம்தான் அதைக் காட்டியிருக்கிறார். அவர்களில் ஒருவரும் அதுவரை மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கவில்லை.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவள் பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அதக் கீழ வை. நாளைக்கு நான் வேலைக்கு வர்றேன். நீதான் மெஷின் ஓட்டணும்."

"என்னால முடியாதுக்கா. உன் கையப் பாக்கவே முடியல."

"நல்லாப் பாரு." கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நீ ஆயுசு முழுக்கத் துணி துவைச்சாலும் இது வளராது."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"ஒண்ணும் செய்யாத. உன்ன மன்னிச்சிட்டேன், சும்மா வாங்கிக்க. எனக்கும் ஆண்டவர்கிட்ட அது சும்மாதான் கெடச்சுது."

அவன் அழுதான். அவள் தேற்றவில்லை. சட்டை தீய்கிற வாடை வந்ததால் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

திங்கட்கிழமை, அவனை மறுபடி இயந்திரத்தில் விட சூப்பர்வைசர் தயங்கினார். சரி என்று சொல்லும்வரை அவர் மேசையை விட்டு அவள் நகரவில்லை. பிறகு தம்பியை இயந்திரத்தின் முன் நிறுத்தி, முதல் கட்டைத் தள்ளினாள்.

"கைய எடுத்துட்டியாக்கா?"

"எடுத்துட்டேன்."

"ரெண்டையும்?"

"ரெண்டையும்டா. எட்டு விரல் இருக்கும், எண்ணிக்க."

கத்தி இறங்கியது. அவன் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. மதியத்துக்குள் பாதி வேலைகூட முடியாததால் சூப்பர்வைசர் கத்தினார். அவள் பாட்டுக்கு அடுத்த கட்டை எடுத்தாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

சனிக்கிழமை இயந்திரத்தைத் துடைத்தபடி அவன் கேட்டான்: "நாளைக்கு சர்ச் எத்தன மணிக்கு?"

"எப்பவும் போல ஒம்பதுக்கு. உனக்காக யாரும் மாத்தல."

எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருந்தான். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க அவள் எழுந்தபோது, அவனும் எழுந்தான்.