பதினாலாம் வரிசைச் சிலுவையம்மாள்

பேங்க் மேனேஜர் ரகுபதி தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். சிலுவையம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் தாள் முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரு வரியை மட்டும் அவர் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தார்.

"பதினெட்டாயிரம் லோன் வாங்கி ஏழு தவணைதான் கட்டியிருக்கீங்க. அப்புறம் ஒரு பைசா கட்டல. யார் யார் எங்கெங்க கடன் வாங்கினாங்கன்னு பம்பாய்ல ஒரு கம்பெனி சேர்த்து வெச்சிருக்கும்மா. அதுல இப்படி வந்தா நான் எப்படி ஆட்டோவுக்குக் கடன் குடுக்க முடியும்?"

"நா வட்டிக்கு வாங்கிக்கீறேன் சார், கம்மல அடகு வெச்சிக்கீறேன். பேங்க்குல இன்னிக்குதான் காலே வெச்சேன். இது யாரோ பண்ண வேல."

"உங்க பேரு. உங்க அப்பா பேரு அந்தோணி. உங்க பிறந்த தேதி. உங்க வோட்டர் கார்டுல இருக்கற அதே அட்ரஸ்."

பக்கத்தில் அவள் புருஷன் ஜேக்கப் வலது கையைத் துண்டுக்குள் மறைத்தபடி உட்கார்ந்திருந்தான். விசைப்படகில் வலைக்கயிறு சுற்றும் விஞ்சில் சிக்கி இரண்டு விரல் போன பிறகு அவனால் வலை இழுக்க முடியவில்லை. மிச்சமிருந்த மூன்று விரலோடு லோடு ஆட்டோ ஓட்டப் பழகி, காசிமேட்டில் விடிகாலையில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தான். வண்டி அவனுடையதில்லை. அதன் சொந்தக்காரர் இப்போது விற்கப்போகிறார். ஜேக்கப் வாங்கினால் ஜேக்கப்புக்கு, இல்லாவிட்டால் மாதவரத்தில் ஒருவருக்கு. அந்த மாதவரத்துக்காரரிடம் ஏற்கெனவே இரண்டு டிரைவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று மாதம் பொறுக்கிறேன் என்று சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

வெளியே வந்ததும் ஜேக்கப் கேட்டான். "இன்னாமே, எனுக்குத் தெரியாம எதுனா வாங்கினியா?"

"வாங்கினா உனுக்குத் தெரியாம எங்கய்யா ஒளிச்சி வெப்பேன், நம்ம வூட்ல ஒளிச்சி வெக்க எடம் கீதா?"

பஸ்ஸில் வரும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. இது பட்டாணி சிலுவையின் கடன்.

கடல் பொங்கிக் குப்பம் போனபோது அவர்களையெல்லாம் திருவொற்றியூரில் தகர ஷெட்டுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். கதவு எண் கிடையாது, வரிசை எண் மட்டும்தான். பதினாலாம் வரிசையில் நாற்பது குடும்பம்; நாற்பதுக்கும் ஒரே விலாசம். அதில் இரண்டு சிலுவையம்மாள்கள். ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்ற இவள் ஐஸ் சிலுவை. கடற்கரையில் பட்டாணி சுண்டல் விற்றவள் பட்டாணி சிலுவை. இரண்டு பேருடைய அப்பனும் அந்தோணிதான். புனித அந்தோணியார் இல்லாதுபோனால் குப்பத்தில் பாதி அப்பன்மாருக்குப் பேரே இருந்திருக்காது. வோட்டர் அட்டைக்கு எழுதிக்கொள்ள வந்தவர் பிறந்த தேதி கேட்டார். எவளுக்குத் தெரியும்? மழைக்கு முன்னாலே, திருவிழாவுக்குப் பின்னாலே என்று ஆளுக்கொன்று சொல்ல, அவர் சலித்துப்போய் வரிசையில் நின்ற பொம்பிளைகள் எல்லோருக்கும் ஜூன் ஒன்று, அறுபத்துநாலு என்று போட்டுக்கொண்டு போனார். ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று அன்றைக்குச் சுண்டல் வாங்கித் தின்று சிரித்ததுதான் மிச்சம்.

பட்டாணி சிலுவை கிரைண்டர் வாங்கி இட்லி விற்கக் கடன் எடுத்தாள். ஏழு மாதம் ஒழுங்காகக் கட்டினாள். பிறகு மஞ்சள் காமாலை, வயிறு வீங்கிப் படுத்துவிட்டாள்.

ரகுபதி நல்ல மனிதர். மறுப்பு எழுதும் தாளை அவரே நிரப்பி, கையெழுத்து வாங்கி, பம்பாய்க்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்ப வைத்தார். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. கடன் கொடுத்த நிறுவனம் விவரம் சரி என்று சொல்கிறது. அவர்களுடைய ஆட்கள் சிலுவையம்மாளை நேரில் பார்த்துப் பேசி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். நகல் இணைத்திருந்தது. ரகுபதி அதை அவளுடைய மறுப்புத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் சிலுவையின் 'சி' முன்பக்கம் சாய்ந்து, கடைசிப் புள்ளி எகிறிப் போயிருந்தது.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜேக்கப் அன்றைக்கு வராதது நல்லதாய்ப் போயிற்று.

நடந்தது இதுதான். பதினாலாம் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. ஃபைலோடு எவன் வந்து யாரைக் கேட்டாலும் ஆள் ஊரில் இல்லை என்பார்கள். ஆனால் அன்று கடன் வசூலுக்கு வந்த மூன்று பேர் நேராகப் பட்டாணி சிலுவையின் தட்டியைத் தூக்கப் போனார்கள். உள்ளே அவள் எழ முடியாமல் கிடக்கிறாள். ஐஸ் சிலுவைக்கு ரத்தம் ஏறிவிட்டது. மீன் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே குறுக்கே போய் நின்றாள். "நாந்தான் சிலுவையம்மா. இன்னாத்துக்கு அங்க போற? எங்கிட்ட பேசு. வர்ற மாசம் கட்றேன், இப்ப நடையக் கட்டு." எழுதிக் கொடு என்றான் ஒருவன். பேரைத் தவிர எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போனதும் தட்டிக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "உன்னாண்ட மாட்டினானுங்க பாரு" என்றாள் பட்டாணி சிலுவை, மூச்சு வாங்க. அவள் சிரித்து ஐஸ் சிலுவை கேட்டது அதுதான் கடைசி.

அவள் எல்லாவற்றையும் சொன்னதும் ரகுபதி இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். பிறகு, "கடன் குடுத்த ஆபீஸ்லயே போய் முதல்ல வாங்கின விண்ணப்பத்தை எடுக்கச் சொல்லுங்க. அந்தம்மாவோட இறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் காட்டணும். அவங்க குடும்பம் எங்க இருக்குன்னும் கேப்பாங்க" என்றார்.

பட்டாணி சிலுவையின் மகள் ஞானபாக்கியம் எர்ணாவூரில் இருந்தாள். இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. சிலுவையம்மாள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் கறுத்தது.

"அத்த, அடுத்த ஞாயித்துக்கெயம கோயில்ல என் கல்யாண ஓல வாசிக்கிறாங்க. மாப்ள வூட்ல அம்மா கடன் வெச்சிட்டுச் செத்த கதயெல்லாம் தெரியாது. அவனுங்க பைக்க எடுத்துக்கினு வூட்டு வாசல்ல வந்து நின்னா என் கல்யாணம் அவ்ளோதான்."

"உங்கம்மா கடனுக்கு நீ கட்டத் தேவயில்லன்னு மேனேஜர் சொல்றாரு."

"சட்டம் அது. வர்றவன் சட்டத்தயா எடுத்துக்கினு வர்றான்?"

அவர்கள் எப்படி வருவார்கள் என்று சிலுவையம்மாளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் இந்தப் பெண்ணின் கல்யாணத்தை நினைத்தால் ஜேக்கப்பின் கை நினைவுக்கு வருகிறது. செத்தவள்மேல் ஒரு கணம் கோபம் கோபமாய் வந்தது. உடனே அந்தக் கோபத்துக்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. "சான்றிதழ மட்டும் குடு. கோயில்ல வாங்கினேன்னு சொல்லிக்கிறேன். உன் பேரு என் வாயில வராது. சத்தியம்" என்றாள்.

ஒரிஜினலைக் கையை விட்டு அனுப்ப ஞானபாக்கியம் சம்மதிக்கவில்லை. தானே எடுத்து வந்தாள். கடன் கொடுத்த கம்பெனியின் திருவொற்றியூர் ஆபீஸ் வாசலில் அதை அத்தையிடம் கொடுத்துவிட்டு, யாரோ போலத் தள்ளி, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பாஸ்கர் என்கிற குமாஸ்தா சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு தடவை உள்ளே போய்விட்டு வந்தார். மூன்றாவது தடவை தூசி படிந்த ஒரு ஃபைலோடு வந்து, பிரித்து, மேஜைமேல் வைத்தார். விண்ணப்பத்தின் மூலையில் பாஸ்போர்ட் அளவில் ஒரு கலர் போட்டோ. பட்டாணி சிலுவை தலை வாரி, பொட்டு வைத்து, ஸ்டூடியோக்காரன் சொன்னதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காமாலைக்கு முன்னால் எடுத்தது. கன்னம் உப்பியிருந்தது. பாஸ்கர் போட்டோவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"இது நீங்க இல்ல."

"அதத்தான் சார் மூணு மாசமா சொல்லிக்கினு கீறேன்."

"சரி. தப்பா ஏறியிருக்குன்னு பம்பாய்க்கு எழுதிட்டு, உங்க பேங்க்குக்கும் இன்னிக்கே ஒரு லெட்டர் தரலாம். ஆனா கடனை உங்க பேர்லேர்ந்து எடுத்தா யார் பேர்ல வெக்கறதுன்னு ஒரு கட்டம் இருக்கு. வாரிசு யாரு, இப்ப எங்க இருக்காங்க? அது காலியா இருந்தா மேல இருக்கறவர் கையெழுத்துப் போட மாட்டார்."

பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றது. சிலுவையம்மாள் மாதவரத்துக்காரரை நினைத்தாள். நாளைக்கு மறுநாள் மூன்று மாதம் முடிகிறது. இரண்டு வார்த்தை சொன்னால் போதும், வண்டி வீட்டுக்கு வந்துவிடும். பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை விறைத்துக்கொண்டாள்.

"தெரியாது சார்" என்றாள்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா." பாஸ்கர் பேனாவை மூடினார். ஃபைலை மூடப் போனார்.

"மூடாதீங்க சார்."

ஞானபாக்கியம் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வெளுத்த விரல்களால் ஃபைலின் அட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கண் பாஸ்கரையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை.

"எங்கம்மா" என்றாள். "வூட்ல ஒரு போட்டோ கூட இல்ல. இருந்ததெல்லாம் கடல்ல போச்சு. வோட்டர் கார்டுல கறுப்பா மூஞ்சே தெரியாது."

சிலுவையம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஞானம், வேணாம்டி, வா."

அவள் நகரவில்லை. "எழுதிக்கோங்க சார். எர்ணாவூர், பி பிளாக்கு, மூணாவது மாடி" என்றாள்.

பாஸ்கர் மறுபடி பேனாவைத் திறந்தார். ஆனால் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவின் மேல் கம்பெனியின் வட்ட முத்திரை குறுக்காக விழுந்து, பாதி கன்னத்தையும் ஒரு கண்ணையும் ஊதா மையால் மூடியிருந்தது. ஞானபாக்கியம் துப்பட்டாவின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அம்மாவின் கன்னத்தை மெதுவாகத் துடைக்கத் தொடங்கினாள்.