ஸ்பிரிட்டில் போட்ட இஞ்சி

இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது ரூபிகா அழைத்தாள். "பற்றிக், எண்ணெய்க் கலம் ஒண்டுமே தெரியேல்லடா. ஒருக்கா வாவன்."

அவள் என்னுடன் தாவரவியல் படித்தவள். நான் இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டேன். அவள் பட்டம் பெற்று, பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறாள். அன்று காலை முதலாவது பாடத்தில், இஞ்சியை வெட்டி நுணுக்குக்காட்டியில் காட்டும் அவளுடைய செய்முறையைப் பார்க்கக் கல்வி அதிகாரி வருகிறார். அவர் திருப்திப்பட்டால்தான் வேலை நிரந்தரம்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஈரக்கல்லும் ஸ்பிரிட்டும் மணத்தன. கம்பஸில் படித்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே நுணுக்குக்காட்டி. நான் வெட்டுவேன், அவள் வரைவாள். நான் வரைந்தால் வெங்காயமும் உருளைக்கிழங்காகிவிடும்.

நுணுக்குக்காட்டிக்குள் குனிந்து பார்த்தேன். மாப்பொருள் மணிகள் நிறைந்திருந்தன. சாயம் ஏறிச் சிவந்திருக்கவேண்டிய எண்ணெய்க் கலங்கள் வெறும் ஓட்டைகளாகக் கிடந்தன.

"இஞ்சியை எதுக்குள்ள வச்சனி?"

"பழுதாகக் கூடாதெண்டு நேற்றே வெட்டி ஸ்பிரிட்டுக்குள்ள போட்டனான்."

"கெட்டிக்காரி. எண்ணெய் கரைஞ்சு போச்சு. மருந்தெல்லாம் இப்ப போத்தலுக்குள்ள."

"பகிடி விடாத. மணி அடிக்கப் போகுது, வேற இஞ்சியும் இல்ல."

கன்டீனுக்கு ஓடினேன். இஞ்சி முழுவதும் பிளேன்டீக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. கன்டீன் நடத்தும் மேனுகா தடிப்பாகச் சீவிய தோல் மட்டும் கூடையில் கிடந்தது.

"மல்லி, அது குப்பை!" என்றாள். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

"அதுதான் வேணும், அக்கே."

காரத்தையும் மருந்தையும் வைத்திருக்கும் எண்ணெய்க் கலங்கள் இஞ்சிக்குள் எங்கும் உண்டு. தோலுக்குச் சற்றுக் கீழேதான் நெருக்கம். தோலைக் கழுவி, வெட்டும்போது நழுவாமல் ஒரு கரட் துண்டின் பிளவுக்குள் செருகி, நனைத்த பிளேட்டால் வெட்டிச் சாயமிட்டேன். செம்மஞ்சள் துளிகள் தெரிந்தன. ரூபிகா முழங்கையால் என்னை இடித்து விலக்கிவிட்டுப் பார்த்தாள். பழைய பழக்கம்.

மணி அடித்தது. நான் வெளியே போய் ஜன்னலருகே நின்றேன்.

அவள் பழைய வெட்டுத்துண்டையும் பக்கத்தில் வைத்திருந்தாள். "பிள்ளையள், இது நான் பிழையாச் செய்தது. ஸ்பிரிட்டுக்குள்ள ஊறப்போட்ட இஞ்சி. இதில ஏன் எண்ணெய் இல்ல?"

எனக்கு அந்தத் துணிச்சல் வந்திராது.

"எண்ணெய் ஸ்பிரிட்டில கரைஞ்சிட்டுது, மிஸ்," என்றாள் ஒருத்தி.

அதிகாரி எழுதுவதை விட்டுவிட்டுத் தானும் வரிசையில் நின்று பார்த்தார். நிமிர்ந்தவர், "டீச்சர், நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறன்," என்றார்.

பின்வரிசையில் ஒரு கதிரை காலியாக இருந்தது. அதில் போய் இருந்து பாடம் கேட்கலாம் போலிருந்தது. எனக்கு நித்திரை வந்தது. பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.