அடுப்பருகே ஒரு துப்பாக்கி

ஃபின்லாந்தின் உறைந்த காட்டில், காலையில் சிப்பாய் கலெர்வோ சுட்ட குண்டு ஒரு சாண் இடப்பக்கம் விலகிப் போனது. பதிலுக்கு எதிரே ஒளிந்திருந்த ருஷ்யன் சுட்டதில் பக்கத்திலிருந்த தோழன் ரெய்னோவின் தாடை பிய்ந்து பனியில் விழுந்தது.

பழைய துப்பாக்கியின் மரக்கட்டை ஈரத்தில் ஊறிப் பருத்துக் குழலை நெருக்கியிருந்தது; குறி தப்பியது அதனால்தான். அந்த இடத்தைச் சுரண்டி, அடியில் பித்தளைத் தகடு வைக்க வேண்டும். குளிரில் விரல் மடங்காததால் கலெர்வோ துப்பாக்கியோடு கூடாரத்து அடுப்பருகே உட்கார்ந்தான்.

"டேய், இரும்பைச் சூட்டுக்குக் கொண்டுவராதடா, வேர்த்துடும். வெளிய போனா உறைஞ்சு போயிடும்" என்றான் அர்மாஸ்.

"தொடச்சுக்கிறேன்டா. அந்த ருஷ்யனை இன்னிக்கே கொல்லணும்."

"புதுப்பொண்டாட்டியக்கூட எவனும் இப்படித் தடவ மாட்டான்!"

வேலை கச்சிதமாக முடிந்தது. இருவரும் பதுங்குகுழிக்குத் திரும்பினார்கள். புதருக்கிடையே ருஷ்யனின் தலை தெரிந்தது.

"போடுடா மாப்ளே!" அர்மாஸ் எட்டிப் பார்த்தான்.

கலெர்வோ விசையை இழுத்தான். குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி, உள்ளே வேர்த்த நீரில் உறைந்து கிடந்தது; குண்டு வெடிக்கவில்லை. ருஷ்யனின் குண்டு அர்மாஸின் கழுத்தைத் துளைத்தது. சூடான ரத்தம் கலெர்வோவின் முகத்தில் அடித்தது.

கலெர்வோ கைமுஷ்டியால் துப்பாக்கியின் பூட்டைக் குத்திக் குத்திப் பனியை உடைத்துச் சுட்டான். குண்டு நூல் பிசகாமல் போய் ருஷ்யனின் நெற்றியைப் பிளந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயந்து, செத்த ருஷ்யனையே மறுபடி மறுபடி சுட்டான்.