கையைப் பிடிக்க வந்தவர்

குவீன்ஸ்டவுன் சுரங்கத்தில் தூசி தின்றே கெட்டுப்போன நுரையீரல் டூகல் டிரெம்பாத்துக்கு. மூச்சுக்கு இன்ஹேலர் வாங்க வரும்போதெல்லாம் மருந்துக்கடைக்காரி ரொவீனா அவரை விடமாட்டாள்.

"ஃப்ளூவுக்கு ஒரு தடுப்பூசி, நிமோனியாவுக்கு ஒண்ணு. இங்கேயே போட்டுடறேன். உங்க நெஞ்சு இருக்கிற இருப்புக்கு ஃப்ளூ வந்தா தாங்காது."

"அடுப்புல சூப் கொதிக்குதும்மா" என்று நழுவிவிடுவார் டூகல்.

ஊசியென்றால் அவருக்கு அவ்வளவு பயம். ஆனால் புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பில், "ரெண்டு கையிலயும் போட்டாச்சு. கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்று அளந்து வைத்திருந்தார்.

அதை நம்பியவர், இதயத்தில் ஆபரேஷன் ஆன கிளப் நண்பர் கிளைவ். குளிர் தொடங்கியதும் ஒருநாள் டூகலைக் கடைக்கே இழுத்து வந்துவிட்டார்.

"எனக்கு ஃப்ளூ ஊசி போடும்மா. ஆனா இவன் என் கையைப் பிடிச்சுக்கணும். ஏற்கெனவே போட்டுக்கிட்ட வீரனாச்சே!"

ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் ரொவீனா சொல்லக்கூடாது. "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். டூகல் கூரையைப் பார்த்தார்.

உள்ளறையில் கிளைவ் டூகலின் விரலை நசுக்கிப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டார். டூகல் மூட மறந்துவிட்டார். ஊசி பளிச்சிட்டதும் அப்படியே தரையில் சரிந்தார்.

"முடிஞ்சுதா? ஒண்ணுமே தெரியலியே!" கிளைவ் கண்ணைத் திறந்தார். "ஏன்டா கீழ கெடக்கே?"

"ஷூ லேஸ் கட்டறேன்டா."

"நீ போட்டிருக்கிறது ரப்பர் பூட்ஸுடா!"

கிளைவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ரொவீனா கதவைச் சாத்தினாள்.

"அவனுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்மா."

"நான் சொல்லமாட்டேன். ஆனா மூச்சு முட்டி உங்கள ஹெலிகாப்டர்ல ஹோபார்ட் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, ஊருக்கே தெரியுமே?"

டூகல் பெருமூச்சு விட்டு இரண்டு சட்டைக் கையையும் சுருட்டினார். முதல் ஊசிக்குப் பல்லைக் கடித்தார். இரண்டாவதற்கு அவர் போட்ட அலறலில், வெளியே இருமல் மருந்து வாங்க வந்த பாதிரியார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்தால் கிளைவ் நிற்கிறார். டூகலின் இரண்டு கையிலும் புதுப் பிளாஸ்திரி.

"அடப்பாவி, அத்தனையும் பொய்யா?"

"இப்ப உண்மையாயிடுச்சில்ல?"

"கிளப்புல சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லு. கண்ண மூடிக்கிட்டு நீ என் விரல நசுக்குனத நானும் சொல்றேன்."

கிளைவ் டூகலின் சட்டைக் கையை இறக்கிப் பிளாஸ்திரியை மறைத்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ஃப்ளூ வந்து கிளப்பில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். இவர்கள் இருவரும் ஜோடியாக ஆட வேண்டிய இறுதிப் போட்டிக்கு எதிரணியே வரவில்லை. ஒரு பந்துகூட உருட்டாமல், டூகலும் கிளைவும் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.